நுவரெலியா மழையில் வாப்பாவின் மொரிஸ் மைனர்

மழைக்காலத்தில் நுவரெலியாவுக்குப் பயணம் போகிறவனைப் புத்திசாலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதுவும் 66 வயதுக் கார் ஒன்றில், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறவனைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதை, அன்பு வாசகியரே, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, சுபஹுத் தொழுத கையோடு கம்பளையிலிருந்து நான் அப்படித்தான் புறப்பட்டேன்.

சிறிய ரகப் பழைய கார்களை வைத்திருப்பவர்கள் அந்தச் சனியும் ஞாயிறும் நுவரெலியாவில் ஒன்றுகூடுகிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர் கராஜ் பாஸ். "மௌலவி, காரை விக்கிறதெண்டால் அங்க கொண்டு போய்க் காட்டுங்க. வெச்சிக்கிறதெண்டாலும் அங்க கொண்டு போய்க் காட்டுங்க" என்றார். விற்பதா வைத்திருப்பதா என்று எனக்கே தெரியாத நிலைமை. ஆகவே அவருடைய யோசனை பொருத்தமாகப் பட்டது.

கார் என் வாப்பாவுடையது. 1958இல் செய்யப்பட்ட மொரிஸ் மைனர் 1000. நான்கு கதவு, 1 ஸ்ரீ இலக்கத்தகடு. நிறம் ஒரு காலத்தில் சாம்பல். இப்போது என்ன நிறம் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். 1974இல் வாப்பா இதை ஒரு தோட்டத்து டாக்டரிடம் வாங்கினார்கள். கடைத்தெருவில் சின்னப் புடைவைக் கடை வைத்திருந்த மனிதருக்குக் கார் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்று அந்நாளில் ஊரில் கேட்டவர்கள் உண்டாம். பிள்ளைகளாகிய நாங்கள் கேட்டதில்லை. எங்களுக்கு அது வீட்டுக் கிணறு மாதிரி, எப்போதும் அங்கே இருந்த ஒன்று. நான் பிறப்பதற்கு உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதில்தான், தங்கச்சிக்கும் இதில்தான். எங்கள் தெருவில் காரில்லாத வீடுகளின் நடுச்சாம அவசரங்கள் எல்லாம் எங்கள் வாசலில்தான் வந்து கதவைத் தட்டும்.

2019இல் வாப்பா வபாத்தானார்கள். அதன்பின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எப்படி என் பைக்கு வந்தது என்று நான் யோசிக்கவில்லை. கொழும்பில் வியாபாரம் செய்யும் நானாவிடம் வான் இருந்தது. நான் ஊரிலேயே இருந்தேன். பாடசாலைக்குப் போய்வர எனக்கு ஒரு வாகனம் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை கதவு திறக்கவில்லை. புதியது வராத ஊரில் பழையதற்கு மவுசு ஏறுவது இயல்பு. கேட்டுவராத பேரெல்லாம் வாசலில் வந்து பொனெட்டைத் திறக்கச் சொன்னார்கள். "நல்ல விலை வந்தா குடுத்துடு" என்று நானா சொல்லிக்கொண்டே இருந்தார்.

பயணத்துக்கு வருவோம். கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 55 கிலோமீற்றர். தூரம் பெரிதல்ல, ஏற்றம்தான் பெரிது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் 1300 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். காரில் இருப்பது 948 சீ.சீ. எஞ்சின், 37 குதிரை வலு. இன்றைய பெரிய மோட்டார் சைக்கிள்களில் இதைவிட வலு உண்டு என்று மகன் எனக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவான்.

புசல்லாவையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளைச் சீலை தொங்கவிட்டது போல மூட்டம். றம்பொடைச் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது மட்டும் கூரையில் விழும் சத்தம் நின்றது. அந்தச் சில விநாடி அமைதியில் எஞ்சின் எப்படி மூச்சு வாங்குகிறது என்பது எல்லோருக்கும் கேட்டது. மொரிஸ் மைனரின் முதலாம் கியரை ஓடும்போது போட்டால் பல்லோடு பல் உரசும். ஆகையால் செங்குத்தான வளைவுகளில் காரை ஏறக்குறைய நிறுத்தி, முதலாம் கியரைப் போட்டு, மறுபடி இழுக்க வேண்டும். பின்னால் வருகிற பஸ் சாரதிக்கு இதை விளக்கிச் சொல்ல முடியுமா? அவர் ஹோர்ன் அடித்தார், நான் ஸலவாத்து ஓதினேன்.

லபுக்கலைக்கு மேலே வைப்பர் நின்றுவிட்டது. பாதையோரத்தில் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு விற்கும் தட்டி ஒன்றின் முன் நிறுத்தினேன். மகன் வைப்பர் மோட்டாரைத் தட்டிப் பார்த்தான். பலனில்லை. பின் சீட்டில் இருந்த என் மனைவி ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய் ஒரு உருளைக்கிழங்கு வாங்கி, அந்த மரக்கறிக்காரப் பெண்ணின் கத்தியாலேயே இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தால் முன் கண்ணாடியை நன்றாகத் தேய்த்தார். அதன்பின் தண்ணீர் துளித்துளியாக நின்று கண்ணை மறைக்கவில்லை. தகடாகப் பரவி வழிந்து போயிற்று. மெதுவாகப் போகும் அளவுக்குப் பாதை தெரிந்தது. "இதை எங்க படிச்சீங்க?" என்று கேட்டேன். "உங்கட உம்மாதான் சொல்லித் தந்தாங்க. மாமா காலத்தில வைப்பர் எப்ப வேலை செஞ்சது?" என்றார். நாற்பத்தைந்து வருடமாக அந்தக் காரில் ஏறி இறங்குகிற எனக்கு இது தெரியாது.

ஒன்றுகூடல் கிரகரி வாவிக்கு அருகே ஒரு திறந்த வெளியில். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் 1873இல் கட்டிய வாவி இது. அன்று வாவி எது, வானம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. நாற்பது கார்கள் அளவில் சேற்றில் நின்றன. பாதிக்குப் பாதி மொரிஸ் மைனர். மற்றவை ஒஸ்டின் ஏ30, ஏ35, மினி, ஃபியட் 600, வண்டு போன்ற வொக்ஸ்வாகன். சதுரக் கூடாரம் ஒன்றின் கீழ் ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கலந்து ஒரே விடயம்தான் அடிபட்டது: துரு எங்கே பிடிக்கிறது, உதிரிப்பாகம் எங்கே கிடைக்கிறது.

அங்கே கேட்டதையும், முன்பே படித்து வைத்திருந்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன். மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளியானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறந்தது 1906இல், உதுமானியர் ஆட்சியில் இருந்த ஸ்மிர்னாவில். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம். 1922இல் யுத்தத்தால் குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது. தந்தை சிறிது காலத்தில் இறந்துவிட, மகனும் தாயும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அவர் திருமணம் செய்யவில்லை. தாய் இறக்கும்வரை ஒரே வீட்டில் வாழ்ந்தார்.

காரை உற்பத்திக்கு அனுப்பும் தறுவாயில், அது ஒடுக்கமாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதாம். மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, துண்டுகளை விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியதும் அழகு சரியாக வந்தது. பொனெட்டின் நடுவே தட்டையாக ஓடும் பட்டை அந்த நான்கு அங்குலம்தான். உடுப்பு இறுக்கமென்றால் நடுவில் துண்டு வைத்துத் தைப்பீர்களே, அதே வேலை! கம்பனி முதலாளி நப்பீல்ட் பிரபுவுக்கு இந்தக் காரைப் பிடிக்கவே இல்லை. உடைத்து அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்றார். அந்த முட்டை 1960 முடியும்போது பத்து இலட்சம் விற்றது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான். 1971இல் உற்பத்தி நிற்கும்போது மொத்தம் ஏறத்தாழ 16 இலட்சம்.

இலங்கையில் இவ்வளவு மொரிஸ் மைனர் தப்பியதற்குக் காரணம் நம்முடைய ரசனை என்று கூடாரத்தில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. 1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை, இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட வேண்டிய கட்டாயம். தகரம் தட்டுகிற கைகள் அப்படித்தான் இந்த நாட்டில் பழகின. அந்தக் கைப்பழக்கத்தின் பெருமை எதுவரை போனதென்றால், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், 1990களில் ஓர் இலங்கைக் கூட்டாளியுடன் சேர்ந்து அதன் உதிரித் தகடுகளை இங்கே செய்வித்து அங்கே கொண்டுபோனார். பிறந்த வீட்டுக்குப் புகுந்த வீட்டிலிருந்து சீர் போன கதை.

பகல் ஆக ஆக மழை கூடியது. வரிசையாக நின்ற மினிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டார்ட் ஆக மறுத்தன. அந்தக் காரும் இசிகோனிஸின் கைவேலைதான், 1959இல் வந்தது. ஆனால் டிஸ்ரிபியூட்டர் என்ற மின்பொறிச் சாமான் முன்பக்கக் கிறிலுக்கு நேர் பின்னால் இருப்பதால் மழைத்தண்ணீர் நேராக அதில் அடிக்கும். அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒன்றை அதன் மேல் கவிழ்த்து, விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரலுக்குள்ளாலும் ஒரு வயரை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அன்று சில குசினிகளில் கையுறை காணாமற் போயிருக்கும்.

எங்கள் மைனருக்கு மேலே கோளாறு இல்லை, கீழேதான். கதவு ரப்பர் இற்றுப்போய், பின் சீட்டின் இடது பக்கக் கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து, என் மனைவியின் காலடி குளமாகி இருந்தது. இந்தக் காருக்குத் தனியான சட்டகம் கிடையாது. தரைத் தகடும் பக்கத் தகடும்தான் எலும்பு. அவை துருப்பிடித்தால் கார் நடுவில் தொங்கிவிடும். ஆகவே வாங்க வருபவர்கள் முதலில் குனிந்துதான் பார்ப்பார்கள்.

அப்படிக் குனிந்து பார்த்தவர் கொழும்பிலிருந்து வந்த ஒருவர். சேறும் மழையும் பாராமல் காருக்கு அடியில் படுத்து, ஸ்குருட்ரைவரால் அங்குமிங்கும் குத்தி, எழுந்து நின்று 12 இலட்சம் என்றார். ஐம்பதாயிரத்தை முற்பணமாகத் தரக் கையிலேயே வைத்திருந்தார். நான் ஒதுங்கி நின்று நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "இன்னும் என்ன யோசனை? வாங்கு" என்றார்.

வாங்கத்தான் போனேன். கூடாரத்திலிருந்து காருக்கு நடக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஆண்கள் எல்லோரும் கூடாரத்தின் கீழ். கார்களுக்குள்ளே, ஆவி படிந்த கண்ணாடிகளுக்குப் பின்னால், பெண்கள். ஒருவர் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறார். ஒருவர் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றுகிறார். ஒருவர் நனைந்த சீட்டைத் துவாயால் ஒற்றுகிறார். அழைப்பில் குடும்பத்தோடு வாருங்கள் என்றுதான் இருந்தது. குடும்பம் எங்கே உட்காரும் என்று ஏற்பாடு செய்தவர்கள் யோசிக்கவில்லை. யோசிக்காதவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் காருக்குள் என் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள மாது இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. பேராதனைப் பக்கத்திலிருந்து தன்னுடைய இளம்பச்சை மைனரைத் தானே ஓட்டிக்கொண்டு தனியாக மலையேறி வந்தவர். தோட்டப் பாடசாலையில் படிப்பித்ததால் தமிழ் நன்றாக வந்தது. காரும் தகப்பன் வைத்துப்போனதுதானாம். சகோதரர் ஐவர்; ஒவ்வொருவர் பங்கையும் தன் சம்பளத்தில் தவணை தவணையாகக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, ஆறு வருடத்தில் காரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இது எத்தனை பேருடைய கார்?"

கதவுக்கு வெளியே நான் குடையோடு நின்றேன். உள்ளே என் மனைவி விரல் மடித்து எண்ணினார். "மாமி, நானா, ரெண்டு மதினிமார், இவங்க. அஞ்சு பேர்ட."

"அஞ்சு பேரும் சம்மதமா?"

அதற்கு என் மனைவி பதில் சொல்லவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

வாசகியரே, நான் பத்தாம் பதினொராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மீராஸ் சட்டம் படிப்பிக்கிறவன். கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டும்போது பிள்ளைகள் பிழைவிட்டால் கோபம் வரும் எனக்கு. ஆனால் வாப்பா மௌத்தாகி ஐந்து வருடம், ஒரு காரைப் பற்றி இரண்டு ஆண்மக்கள் தொலைபேசியில் பேசி முடிவெடுத்துக்கொண்டிருந்தோம். மாவனல்லையில் இருக்கும் தாத்தாவிடமோ, அக்குறணையில் இருக்கும் தங்கச்சியிடமோ, ஒரே கூரையின் கீழ் இருக்கும் உம்மாவிடமோ ஒரு சொல் கேட்கவில்லை. கொழும்புக்காரரிடம் பதில் பிறகு சொல்கிறேன் என்றேன். அவர் முகம் சுளித்துக்கொண்டே இலக்கத்தைத் தந்தார்.

அன்றிரவு தங்கிய அறையில் மகளின் கொப்பியில் கணக்குப் போட்டேன். காரை 48 பங்காக்கினால் மனைவி என்ற முறையில் உம்மாவுக்கு எட்டிலொன்று, 6 பங்கு. மீதி 42இல் ஆண்மக்கள் இருவருக்கும் தலா 14, பெண்மக்கள் இருவருக்கும் தலா 7. பன்னிரண்டு இலட்சம் என்றால் சகோதரிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு இலட்சத்து 75 ஆயிரம். தங்கச்சியின் இளைய பிள்ளைக்கு மூச்சு முட்டு. மாதாமாதம் பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் அவள். அந்த ஐந்து வருடமும் அவளுடைய 7 பங்கிலும் ஏறி உட்கார்ந்து பாடசாலைக்குப் போய் வந்தவன் நான். இன்ஷூரன்ஸும் ரயரும் என் செலவு என்று மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். நித்திரை வரவில்லை. மழையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இறங்குவது சுலபமாக இருந்தது. வைப்பர் தானாகவே வேலை செய்தது, ஏனென்று கேட்காதீர்கள்.

தாத்தாவிடம் அன்றே பேசினேன். "விக்கிறதெண்டா வில்லு. என்ட காசால கூரைத் தகடு மாத்தணும்" என்றார். ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. அவர் நெடுநாளாக யோசித்து வைத்திருந்தது அந்த வேகத்தில் தெரிந்தது. தங்கச்சி அழுதாள். "வாப்பாட காரை விக்கப் போறீங்களா?" என்று முதலில். பிறகு கொஞ்ச நேரம் பொறுத்து, "எவ்வளவு வரும் எண்டீங்க?" என்று.

கடைசியாக உம்மாவிடம் போனேன். எண்பதைத் தொட்ட வயது. முழங்கால் வலி, ஆனால் காது கூர்மை. கொப்பியை விரித்து ஆறு பங்குக் கணக்கைக் காட்டினேன். உம்மா அதைப் பார்க்கவே இல்லை. "உங்கட வாப்பா கார் எடுக்கக் குறைஞ்ச காசுக்கு என்ட மூணு பவுண் சங்கிலியத்தான் வித்தாங்க" என்றார்கள்.

ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக அதைக் கேள்விப்படுகிறேன். மையித்தின் கடனைத் தீர்த்த பிறகுதான் பங்கு பிரிக்க வேண்டும் என்பதும் நான் கரும்பலகையில் எழுதும் பாடம்தான். மூன்று பவுண் என்றால் அன்றைய விலைக்கே காரில் பாதிக்குக் கிட்டப் போய்விடும். ஆகவே கேட்டேன்: "உம்மா, அத வாப்பாவுக்குக் கடனாக் குடுத்தீங்களா, சும்மா குடுத்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

உம்மா சிரித்தார்கள். "கழுத்தில இருந்து கழட்டிக் குடுத்த. கடனா சும்மாவா எண்டு அவங்களும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல. இப்ப வந்து நீ கேக்கிறாய்." பிறகு கொப்பியை மூடி என் கையில் தந்தார்கள். "முதல்ல அந்தப் பின் கதவு ரப்பரை மாத்து. நான் இருக்கிற பக்கம்தான் தண்ணி வாறது. எத்தின வருஷமாச் சொல்றன்."

மறுநாள் பாடசாலைக்கு பஸ்ஸில் போனேன். கார் கராஜில், நான்கு கதவும் திறந்தபடி, விரிப்பெல்லாம் மதிலில் காய்ந்துகொண்டிருந்தது. பாஸ் ரப்பரை அளந்துகொண்டு, "யார்ட பேர்ல பில் எழுத மௌலவி?" என்றார்.